வாழ்த்திப் பேச வந்தவர்கள்

1970-களில், 80-களில் அம்பத்தூர், ஆவடிப் பக்கத்துத் தொழிலாளர் குடும்பங்கள் அச்சடித்த கல்யாணப் பத்திரிகைகள் இன்னும் சில வீட்டு டிரங்குப் பெட்டிகளில் கிடக்கின்றன. எடுத்துப் பார்த்தால் மணமக்கள் பெயருக்குக் கீழே ஒரு நீண்ட பட்டியல் இருக்கும். தலைமை இன்னார், முன்னிலை இன்னார், வரவேற்புரை பெண்ணின் தாய்மாமன், அப்புறம் வாழ்த்துரை என்று போட்டு ஏழெட்டுப் பெயர்கள், கடைசியில் நன்றியுரை. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் அவர் யார் என்று இருக்கும்: யூனியன் செயலாளர், தலைமையாசிரியர், வட்டச் செயலாளர், டூல் ரூம் நண்பர்கள் சார்பாக ஒருவர். எந்தப் பெயரை முன்னால் போடுவது, எதைப் பின்னால் போடுவது என்பதில் மனத்தாங்கல் வந்து, அச்சகத்துக்குப் போன பத்திரிகையைத் திரும்ப வாங்கித் திருத்தியதும் உண்டு. இன்றைக்கு வரும் பத்திரிகையில் அந்த இடத்தில் மண்டபத்துக்கு வழி காட்டும் கியூ.ஆர். கட்டம் இருக்கிறது. பேசுகிறவர் பெயர் ஒன்றுகூட இல்லை.

இந்த மாற்றத்தை வெறும் ரசனை மாற்றம் என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. அந்தப் பட்டியலில் இருந்தவர்கள் மேடையில் வாய்வார்த்தைக்காக நிற்கவில்லை. அந்தக் கல்யாணத்துக்கு அவர்கள் பொறுப்பேற்றார்கள்.

எப்படி என்று சொல்ல, இந்தப் பகுதி உருவான கதைக்குக் கொஞ்சம் போக வேண்டும். 1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது. 1959-ல் டன்லப். 1961-ல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. 1965-ல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பாடியில் டி.வி.எஸ். குழுமத்துக் கம்பெனிகள், 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. ஏரிகளும் வயல்களுமாக இருந்த ஊர்களில் பதினைந்து ஆண்டுகளுக்குள் சங்கு ஊத ஆரம்பித்துவிட்டது. வேலைக்கு வந்தவர்கள் நெல்லையிலிருந்தும் ஆற்காட்டிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த இளைஞர்கள். குலதெய்வம் ஊரில், தாய்மாமன் ஊரில், பங்காளிகள் ஊரில். இங்கே இருந்தது பக்கத்து மெஷினில் நின்றவனும், குவார்ட்டர்ஸில் எதிர்வீட்டுக்காரரும்தான். கல்யாணம் என்று வந்தபோது பெரியவர் இடத்தில் நிற்க அவர்களே கிடைத்தார்கள். ஃபோர்மேன் தலைமை தாங்கினார். சங்கத்துக்காரர் தாலியை எடுத்துக் கொடுத்தார். இரண்டாம் ஷிப்ட் நண்பர்கள் எல்லாரும் வர வேண்டும் என்பதற்காகவே கல்யாணத்தை ஞாயிற்றுக்கிழமையில் வைத்த வீடுகள் உண்டு.

அப்படித் தலைமை தாங்கியவரை அந்தத் தம்பதி பிறகு விட்டுவிடவில்லை. குடித்துவிட்டு வந்து கைநீட்டினான் என்றால் அந்தப் பெண் முதலில் போய் நின்றது அவர் வீட்டு வாசலில்தான். “அண்ணே, மேடையில நீங்கதானே அவ்வளவு பேசினீங்க, இப்ப வந்து கேளுங்க” என்று சொல்லும் உரிமை அவளுக்கு இருந்தது. ஊர் முன்னால், மைக்கில், தன் வாயால் சொன்ன சொல் ஆனதால் அவரால் தட்டிக் கழிக்க முடியவில்லை. குழந்தைக்குப் பேர் வைக்கவும் அவரிடம் போனார்கள், வேலை போனபோதும் அவரிடம் போனார்கள். வாழ்த்துரை என்று நாம் சொன்னது உண்மையில் ஒரு சாட்சிக் கையெழுத்து.

இந்தப் பழக்கம் தானாக முளைக்கவில்லை. 1928 மே மாதம் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் நடந்த திருமணத்தை முதல் சுயமரியாதைத் திருமணமாகச் சொல்வார்கள். புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை, ஓமம் இல்லை. மந்திரத்தின் இடத்தை எது நிரப்பும் என்ற கேள்விக்கு அந்த இயக்கம் கொடுத்த விடை, எல்லாருக்கும் புரியும் தமிழ்ப் பேச்சு. மணமக்கள் உறுதிமொழி சொன்னார்கள்; அதன் பொருளைப் பெரியவர்கள் எழுந்து விளக்கினார்கள். 1953-ல் ஒரு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இப்படி நடந்த திருமணம் சட்டப்படி செல்லாது என்றது. அதன் பிறகும் ஆயிரக்கணக்கானோர் அதே முறையில்தான் திருமணம் செய்துகொண்டார்கள். அண்ணா முதலமைச்சரான பிறகு 1967-ல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்க்கும் திருத்தம் நிறைவேறி, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர், வேறு எவரேனும் முன்னிலையில் இருவரும் தங்களுக்குப் புரியும் எந்த மொழியிலாவது ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலே போதும். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். ‘புரியும் எந்த மொழியிலும்’ என்ற அந்தச் சொற்கள், தெலுங்கும் மலையாளமும் தமிழும் ஒரே கேன்டீனில் சாப்பிட்ட ஆவடிக்கு எவ்வளவு பொருத்தம்!

சொல்லே கல்யாணத்தைக் கட்டியது என்றால், அந்தச் சொல்லைச் சுற்றி நிற்கிறவர்களுக்கும் மரியாதை வந்துவிடுகிறது. சுயமரியாதை முறையில் நடக்காத, ஐயர் வைத்து நடந்த கல்யாணங்களிலும் முகூர்த்தம் முடிந்ததும் மைக் வந்து நின்றது இதனால்தான். தாலி கட்டிய கையோடு, அட்சதை இன்னும் தலையில் இருக்கும்போதே, “பெரியோர்களே, தாய்மார்களே” என்று யாராவது தொடங்கிவிடுவார்கள். தெருவை அடைத்துப் போட்ட பந்தலில், கம்பத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில், கல்யாணத்துக்கு வராத வீடுகளுக்கும் அந்தப் பேச்சு கேட்டது. அந்தத் தெருவே சாட்சி.

அந்த மேடைக்கு எழுதாத விதிகள் இருந்தன. வயதில் மூத்தவர் கடைசியில் பேசுவார். மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் பேசினால் அடுத்தவர் பெண் வீட்டாராக இருக்க வேண்டும். பேசுகிறவர் மேடையில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விளிக்க வேண்டும். ஒரு பெயர் விட்டுப்போனால் அது பத்து வருடம் நிற்கும். குறள் ஒன்று கட்டாயம். ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடச் சொல்வது கட்டாயம். சாவு, கடன், நோய் என்ற சொற்கள் வரக்கூடாது.

குறைகளை மறைத்து அந்தக் காலத்தைப் பொன்னாக்க எனக்கு விருப்பமில்லை. பேச்சு நீண்டது. ஒருவர் பேசியதை அடுத்தவர் திரும்பப் பேசினார். மணமக்களை வாழ்த்த எழுந்தவர் மத்திய அரசைக் கண்டிக்கப் போய்விட்டார். பந்தியில் இலை போட்டுக் குழந்தைகள் பசியோடு காத்திருந்தன. எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது வேறு. வாழ்த்துரைப் பட்டியலில் பெண் பெயர் அபூர்வம். திராவிடர் கழகத்தில் பெண்கள் தலைமை தாங்கி நடத்திய திருமணங்கள் உண்டு என்றாலும், எங்கள் பக்கத்து மேடைகளில் பெரும்பாலும் ஆண்களே பேசினார்கள். பேசியதில் பாதி, மணப்பெண் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற புத்திமதி. மாமியாரைத் தாயாக நினைக்க வேண்டும், புகுந்த வீட்டின் பெயரைக் காப்பாற்ற வேண்டும். மாப்பிள்ளைக்குச் சொல்ல ஒரு வரிகூடப் பலரிடம் இல்லை. அவள் மாலையின் கனத்தோடு தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை, வரக்கூடாது என்பதுதான் மரியாதை.

அவளுடைய வயிற்றைப் பற்றியும் மேடை பேசியது. குடும்பக் கட்டுப்பாடு பெரிய அரசுத் திட்டமாக இருந்த காலத்தில் ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ என்று சொல்லாத வாழ்த்துரை குறைவு. அரை நூற்றாண்டு கழித்துக் காற்று திசை மாறியிருக்கிறது. 2024 அக்டோபரில் திருவான்மியூரில் அறநிலையத் துறை நடத்திய திருமண விழாவில் 31 இணைகளை வாழ்த்திய முதலமைச்சர் ஸ்டாலின், மக்களவைத் தொகுதி எண்ணிக்கை மறுவரையறையைச் சுட்டி, பதினாறும் பெற்று வாழச் சொன்ன பழைய வாழ்த்தை நினைவூட்டினார். நாட்டின் மக்கள்தொகைக் கவலை கல்யாண மேடையில்தான் பேசப்பட வேண்டும் என்பது தமிழ்நாட்டின் தனிப் பழக்கம். அது எந்தத் திசையில் பேசினாலும், இரண்டு பேர் தமக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் அது என்றே நான் நினைக்கிறேன்.

வாழ்த்து மடலைப் பற்றிச் சொல்லாமல் அந்தக் காலத்தைக் கடக்க முடியாது. நண்பர்கள் காசு போட்டு, வண்ணத் தாளில் அச்சடித்து, ஓரத்தில் குத்துவிளக்கும் வாழைமரமும் வைத்துக் கொண்டுவருவார்கள். மணமக்கள் பெயரின் ஒவ்வொரு எழுத்திலும் ஒரு வரி தொடங்கும். பிரெஸ் ஷாப்பில் கவிதை எழுதத் தெரிந்த ஒருவர் எப்போதும் இருந்தார். பகலில் தகடு வெட்டிய கை ராத்திரி எதுகை மோனை தேடும். அதை மேடையில் வாசித்து, பிரதிகளைக் கூட்டத்துக்கு விநியோகித்து, ஒன்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாப்பிள்ளை கையில் கொடுப்பார்கள். திருமுல்லைவாயலிலும் பட்டாபிராமிலும் பழைய வீட்டுக் கூடங்களில் அந்தச் சட்டங்கள் மங்கிப்போய் வெகுகாலம் தொங்கின. இலக்கணப் பிழைகள் நிறைய இருந்தன. ஆனால் அந்த இரண்டு பேருக்காகவே, அவர்களைத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து எழுதியவை அவை. கடையில் வாங்கும் எந்த வாழ்த்து அட்டைக்கும் அந்த மதிப்பு வராது.

இது எப்போது ஓய்ந்தது? ஒரே நாளில் அல்ல. பந்தல் தெருவை விட்டு மண்டபத்துக்குப் போனது. பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் திருவள்ளூர் சாலையிலும் திருவேற்காடு, மாங்காடு பக்கமும் மண்டபங்கள் எழுந்தன. 80-களின் கடைசியில் வீடியோக்காரர் பெரிய விளக்கோடு மேடையேறினார். மெல்லிசைக் குழு வந்தது. பாட்டு நின்றால்தான் பேச்சு, பாட்டு நிற்கவே இல்லை. சென்னையில் வரவேற்பு முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலைக்கு நகர்ந்து அதுவே பெரிய விழாவாகி, விடியற்காலை முகூர்த்தத்துக்கு நெருங்கிய உறவு மட்டும் மிஞ்சியது. கேட்க ஆள் இருந்த இடத்தில் தாலி இல்லை, தாலி கட்டிய இடத்தில் கேட்க ஆள் இல்லை. பேச்சு நழுவி விழுந்தது இந்த இடைவெளியில்தான்.

இன்றைய வரவேற்பின் அமைப்பைக் கவனித்தால் இது இன்னும் தெளிவாகும். ஏழு மணிக்கு மணமக்கள் மேடைக்கு வருகிறார்கள். வரிசை தொடங்குகிறது. ஒவ்வொரு குடும்பமாக மேலே ஏறி, மொய்க் கவரைக் கொடுத்து, கேமராவைப் பார்த்துச் சிரித்து, மறுபக்கம் இறங்கிப் பந்திக்குப் போகிறது. ஒரு குடும்பத்துக்கு அரை நிமிடம் கிடைத்தால் அதிகம். கீழே கூட்டம் வருவதும் சாப்பிடுவதும் போவதுமாக இருக்கிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருக்கும் கணம் அந்த மூன்று மணி நேரத்தில் ஒன்றுகூட இல்லை. டொராண்டோவிலும் லண்டனிலும் உள்ள தமிழர் வரவேற்புகளில் பெண்ணின் அப்பா பேசுகிறார், அண்ணன் பேசுகிறான், தோழி பேசுகிறாள். அங்கே அது நடப்பதற்குக் காரணம், விருந்தினர் எல்லாரும் தங்கள் மேசையில் உட்கார்ந்து உணவுக்காக ஒன்றாகக் காத்திருக்கிறார்கள். அந்தப் பேச்சை மட்டும் பெயர்த்துக்கொண்டு வந்து அம்பத்தூர் மண்டபத்து வரிசைக்கு நடுவில் வைத்தால் யார் காதிலும் விழாது.

இங்கேயும் பேச்சைக் காப்பாற்றியவர்கள் உண்டு. ஆவடி, அம்பத்தூர்ச் சபைகளின் திருமண வரவேற்பில் ஆயர் ஜெபம் செய்து, உறவினரும் நண்பரும் வாழ்த்துரை சொல்லி, மணமகன் எழுந்து நன்றி கூறும் ஒழுங்கு பல குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. நிக்காஹ்வில் குத்பா இருக்கிறது. பேசுவதற்கென்று ஒரு நேரத்தை அவர்கள் நிகழ்ச்சிக்குள்ளேயே ஒதுக்கி வைத்ததால் அது பிழைத்தது.

மற்ற மேடைகளில் பேச்சு போன பிறகு வாழ்த்து வேறு இடம் தேடிக்கொண்டது. முதலில் ஃப்ளெக்ஸ். சந்து முனையில் மாப்பிள்ளையின் நண்பர்கள் முப்பது பேர் கூலிங் கிளாஸோடு நின்று வாழ்த்தினார்கள்; பேர் இருந்தது, முகம் இருந்தது, சொல்ல ஒன்றும் இல்லை. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் ஒரு திருமணத்துக்காகச் சாலையில் வைத்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் தண்ணீர் லாரியில் சிக்கி இறந்தார். வாழ்த்து என்ற பெயரில் வைத்தது ஓர் உயிரைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகும் பேனர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் அடங்குவதில்லை.

இப்போது எல்.இ.டி. திரை, தொகுப்பாளர், கையில் ஒயர் இல்லாத மைக். யார் முதலில் காதலைச் சொன்னது, மாப்பிள்ளைக்குச் சமைக்கத் தெரியுமா என்று தொகுப்பாளர் கேட்கிறார். வெளிநாட்டிலிருந்து வர முடியாத நண்பர்களின் வாழ்த்து வீடியோ ஓடுகிறது. கல்லூரி நண்பர்கள் மேடையேறி மாப்பிள்ளையின் பழைய கதையை அவிழ்க்கிறார்கள். பழைய காதல், குடித்துவிட்டு விழுந்தது, தொப்பை, நிறம். கீழே இரண்டு வீட்டுப் பெரியவர்களும் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருக்கிறார்கள். ‘இன்றோடு உன் சுதந்திரம் முடிந்தது’ என்ற நகைச்சுவை எல்லா மேடையிலும் வருகிறது. மனைவியைச் சிறை என்று சொல்லி ஒரு கல்யாணத்தைத் தொடங்கி வைப்பதை நான் வாழ்த்தாக ஏற்க மாட்டேன்.

ஆனாலும் இந்த மேடையில்தான் நான் காத்திருந்த ஒன்று நடக்கிறது. மணப்பெண் மைக்கை வாங்கிப் பேசுகிறாள். தன்னைப் படிக்க வைத்த அம்மாவைப் பற்றிச் சொல்கிறாள், நைட் ஷிப்ட் முடித்து வந்து பஸ் ஸ்டாப்பில் காத்திருந்த அப்பாவைப் பற்றிச் சொல்கிறாள். அழுகிறாள், சிரிக்கிறாள், மாமியாரைப் பார்த்து இரண்டு வார்த்தை நேராகப் பேசுகிறாள். அவளுடைய பாட்டி இதே ஆவடியில் ஏழெட்டு வாழ்த்துரைக்கு நடுவே தலைகுனிந்து உட்கார்ந்தவள். பழைய மேடையில் எத்தனை நல்ல பேச்சு இருந்தாலும் இந்த ஒன்று அதில் இல்லை.

சட்டமும் இந்தத் திசையில்தான் நகர்ந்திருக்கிறது. 7ஏ பிரிவின்படி நடக்கும் திருமணத்துக்குப் பொது அறிவிப்போ விழாவோ கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. வீட்டுக்குப் பயந்து வெளியேறி மணம் செய்துகொள்ளும் இணைகளுக்கு அது பெரிய பாதுகாப்பு, அதை முழுமனதோடு வரவேற்கிறேன். கூட்டம் கூட்ட முடிகிறவர்களுக்கு மட்டும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது: ஆயிரம் பேரை அழைத்துவிட்டு, அதில் ஒருவரைக்கூடச் சாட்சியாக நிறுத்தாமல் ஏன் அனுப்பிவிடுகிறோம்?

நீளம்தான் பயம் என்றால் அதற்குப் பழைய முன்மாதிரி இருக்கிறது. அகநானூற்றின் 86-ஆம் பாட்டில் நல்லாவூர் கிழார் ஒரு கல்யாணத்தைக் காட்டுகிறார். உளுத்தம் பருப்பிட்ட பொங்கல், பந்தல், புது மணல், விடியற்காலை. பிள்ளை பெற்ற நான்கு பெண்கள் மணமகளை நீராட்டி, அவள் நெறி பிறழாமல், கொண்டவன் விரும்பும் துணையாக இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறார்கள். மொத்தமும் ஒரே வாக்கியம். சொன்னவர்கள் பெண்கள், அவளைத் தொட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கிறவர்கள். அந்த வாழ்த்தின் பொருளை இன்று மாப்பிள்ளைக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

நான் கேட்பது இவ்வளவுதான். பத்திரிகையில் வாழ்த்துரை என்ற சொல் திரும்ப வரட்டும், கீழே இரண்டே பெயர்களோடு. பெண் பக்கம் ஒருவர், பிள்ளை பக்கம் ஒருவர், இரண்டில் ஒன்று கட்டாயம் பெண்ணாக இருக்கட்டும். பதவிக்காக அழைக்காமல், மணமக்களை உண்மையில் அறிந்தவரை அழைக்கட்டும். ஒரு மாதம் முன்னாலேயே வீட்டுக்குப் போய்த் தாம்பூலம் வைத்துக் கேட்க வேண்டும். மேடையில் திடீரென்று மைக்கை நீட்டுவது கேட்கிறவருக்கும் அவமானம், பேசுகிறவருக்கும் அவமானம். ஆளுக்கு மூன்று நிமிடம். மணமக்களைப் பார்த்துப் பேச வேண்டும், கேமராவைப் பார்த்து அல்ல. சாதிப் பெருமை வேண்டாம், சீர்வரிசைக் கணக்கு வேண்டாம், குழந்தை எப்போது என்ற கேள்வி வேண்டாம், மேடைக்கு வெளியே சொல்லக் கூசும் எந்தக் கதையும் வேண்டாம். இருவரும் பேசியதும் மணமக்கள் ஏற்புரை சொல்லட்டும், அவள் முதலில்.

நேரமும் முக்கியம். வரிசை தொடங்கிய பிறகு இதைச் செய்யவே முடியாது. மணமக்கள் மேடைக்கு வந்ததும், முதல் கவர் கைமாறுவதற்கு முன், இசைக்குழுவை நிறுத்தி, பந்திக்கூடத்துக் கதவை ஒரு பத்து நிமிடம் சாத்தி வைத்தால் போதும். சவுண்ட் சர்வீஸ்காரரிடமும் போட்டோக்காரரிடமும் காலையிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பேச்சின் நடுவில் அவர்கள் ஆட்களை மேடையேற்றிவிடுவார்கள். பேசிய இருவரும் தலைதீபாவளிக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, எப்படி இருக்கிறீர்கள் என்று இருவரையும் தனித்தனியாகக் கேட்டு வர வேண்டும்.